80 பக்க வியாபாரத் திட்டத்தை என்ன செய்வது? (மசாலாப் பொடி, ஈரோடு)

மஞ்சள்மாநகர்:

வணக்கம். ஈரோட்டில் மசாலாப் பொடி வியாபாரம் செய்கிறோம். அப்பா ஆரம்பித்தது, இப்போது நானும் தங்கையும் பார்த்துக்கொள்கிறோம். மிளகாய்த்தூள், மல்லித்தூள், மஞ்சள்தூள், சாம்பார் பொடி, கறி மசாலா. 10 ரூபாய்ச் சரத்திலிருந்து அரைக் கிலோ வரை போடுகிறோம். ஈரோடு, நாமக்கல், கரூர் பக்கத்து மளிகைக் கடைகளுக்கு எங்கள் வண்டியே லைன் போகிறது. டிஸ்ட்ரிபியூட்டர் கிடையாது.

தங்கை சொன்னாள் என்று ஒரு ஆலோசனை நிறுவனத்திடம் ஐந்து வருடத் திட்டம் கேட்டோம். 80 பக்கத்துக்கு வந்திருக்கிறது. ஏற்றுமதி, ஆன்லைன் விற்பனை, ரெடிமிக்ஸ், சென்னையில் டிப்போ, சூப்பர் மார்க்கெட், இயற்கை வேளாண்மைப் பொருட்கள் என்றெல்லாம் மொத்தம் ஏழு ‘தூண்கள்’. எல்லாமே நல்ல யோசனைகள்தான். ஆனால் ஏழையும் ஒரே நேரத்தில் தூக்க ஆள் யார்? இதில் மிளகாய் வத்தல் விலை வருடத்துக்கு 5 சதவீதம் சீராக ஏறும் என்று ஒரு அட்டவணை வேறு. ஆந்திராவின் குண்டூர் மிளகாய்ச் சந்தைக்கு ஒரு தடவையாவது போனவர் இதை எழுதியிருக்க மாட்டார்.

மாமா கேட்கிறார், “சின்ன வியாபாரத்துக்கு எதுக்குத் திட்டம்? நாளைக்கு என்ன வருதோ பார்த்துக்கலாம்.” அதுவும் சரியாகப் படவில்லை. ஒரே பக்கத்தில் அடங்குகிற மாதிரி, நிலைமை மாறினால் மாற்றிக்கொள்கிற மாதிரி யாராவது செய்திருக்கிறீர்களா?

பழைய_சேல்ஸ்மேன்:

தம்பி, மதுரையில் உட்கார்ந்துகொண்டு சொல்கிறேன். சோப்பு, ஷாம்பு லைனில்தான் என் காலம் முழுக்கப் போனது.

நம் தமிழ்நாட்டுக் கதைகளே இருக்கின்றன. கடலூரில் 1983-ல் 15,000 ரூபாயோடு சி.கே. ரங்கநாதன் ஆரம்பித்த ‘சிக்’ ஷாம்புவை எடுத்துக்கொள்ளுங்கள். இன்றைக்கு கெவின்கேர். சாஷேயில், அதாவது சின்னப் பாக்கெட்டில், ஷாம்பு விற்பது அவருடைய அப்பா சின்னிகிருஷ்ணன் காலத்திலேயே வந்துவிட்ட யோசனை. அண்ணன்மார்களின் ‘வெல்வெட்’ அதில் ஏற்கெனவே கொடிகட்டிப் பறந்தது. ஆக, யோசனை புதிது கிடையாது, பணமும் கிடையாது. அப்புறம் எப்படி நுழைந்தார்? எந்தக் கம்பெனியின் காலி சாஷேயானாலும் ஐந்து கொண்டுவா, ஒரு சிக் இலவசம் என்றார். கடைக்காரர் காலிப் பாக்கெட்டை எண்ணி வாங்குவார், நாங்கள் அதற்குப் புதுச் சரக்கு கொடுக்க வேண்டும். போட்டிக் கம்பெனி ஆட்களான எங்களுக்கு எங்கள் பாக்கெட்டையே கொண்டுபோய் அவனிடம் கொடுக்கிறார்களே என்று வயிற்றெரிச்சல். ஜனங்கள் பழகியதும் ரங்கநாதன் விதியை மாற்றினார். இனி காலி ‘சிக்’ சாஷே மட்டும்தான் செல்லும்!

கவனியுங்கள். யாருக்கு விற்கிறோம், எந்த விலையில் விற்கிறோம் என்பதில் அவர் கை வைக்கவே இல்லை. ஷாம்பு போட்டுப் பழக்கமில்லாத கிராமத்துக்காரர், சில்லறைக் காசில். அது அப்படியே நின்றது. ஸ்கீம் மட்டும் மாறிக்கொண்டே இருந்தது. மல்லிகை வாசம், ரோஜா வாசம், பிறகு 50 பைசா பாக்கெட், எல்லாம் அதே ஆளுக்காக.

இதைச் சொல்ல 80 பக்கம் வேண்டாம். கடைப்பையனுக்கும் புரிந்தது.

மஞ்சள்மாநகர்:

அண்ணா, ‘நாங்கள் கொடுக்க வேண்டும்’ என்கிறீர்கள், அப்புறம் ‘போட்டிக் கம்பெனி’ என்கிறீர்களே?

பழைய_சேல்ஸ்மேன்:

அவர்கள் ஆள் கொடுப்பார், நாங்கள் பக்கத்தில் நின்று பார்த்துக்கொண்டிருப்போம். வேகத்தில் தட்டச்சு செய்துவிட்டேன் தம்பி. நான் எதிர்க்கட்சி.

ரன்வே27:

மசாலாவில் எனக்கு ஒன்றும் தெரியாது, சாப்பிட மட்டும் தெரியும். ஆனால் கேள்விக்கு விமானத் துறையில் ஒரு பாடமே இருக்கிறது.

அமெரிக்காவின் சவுத்வெஸ்ட் ஏர்லைன்ஸ் 1971 ஜூன் 18 அன்று பறக்க ஆரம்பித்தது. டல்லஸ், ஹூஸ்டன், சான் அன்டோனியோ. டெக்சாஸ் மாநிலத்துக்குள் மூன்றே ஊர். கையில் மூன்று விமானம், கொஞ்ச நாளில் நான்காவது. 1972-ல் சம்பளம் போடவே பணம் இல்லாமல் ஒரு விமானத்தை விற்க வேண்டிவந்தது. சாதாரணமாக என்ன செய்வார்கள்? நான்கு விமானத்துக்கான கால அட்டவணையைக் குறைப்பார்கள். இவர்கள் குறைக்கவில்லை. தரையிறங்கிய விமானம் பத்து நிமிடத்தில் மறுபடி கிளம்பினால் மூன்றை வைத்தே நான்கின் வேலையைச் செய்யலாம் என்று கணக்குப் போட்டார்கள். சாமான் இறக்குகிறவர், கதவருகே நிற்கிறவர், விமானப் பணிப்பெண், தேவைப்பட்டால் விமானியும் கூட, எல்லோரும் சேர்ந்து ஓடினார்கள். சீட்டு நம்பர் கிடையாது, முதலில் வந்தவர் முதலில் உட்காரலாம். சாப்பாட்டுத் தட்டு கிடையாது. விமானம் ஏறக்குறைய முழுக்க போயிங் 737. ஒரு விமானிக்குப் பயிற்சி கொடுத்தால் எல்லா விமானத்துக்கும் ஆச்சு, உதிரிப் பாகமும் ஒரே வகை.

இதில் எனக்குப் பிடித்தது 1973 சங்கதி. பெரிய போட்டியாளரான பிரனிஃப், டல்லஸ்–ஹூஸ்டன் டிக்கெட்டை 13 டாலருக்கு இறக்கியது. சவுத்வெஸ்ட்டின் முழுக் கட்டணம் 26. அதே 13-க்கு இறங்கினால் திவால், இறங்காவிட்டால் கூட்டம் போய்விடும். இவர்கள் பயணியிடமே விட்டுவிட்டார்கள்: 13 டாலர் கொடுத்தாலும் சரி, 26 கொடுத்தால் ஒரு பாட்டில் விஸ்கி இலவசம். கம்பெனிக் காசில் பறக்கிற அதிகாரிகள் என்ன செய்வார்கள் என்று சொல்லவா வேண்டும்? டிக்கெட் செலவு முதலாளி தலையில், பாட்டில் தன் பையில். அந்தச் சலுகை ஓடிய இரண்டு மாதம் டெக்சாஸில் மதுபானம் அதிகம் வினியோகித்தவர்களில் ஒரு விமானக் கம்பெனியும் இருந்தது! அந்த வருடமே முதல் லாபம். 1973 தொடங்கி 2019 வரை 47 வருடம் ஒரு வருடம்கூட நஷ்டம் காட்டவில்லை.

நம் நாட்டில் இண்டிகோ இதே வழி. முதல் விமானம் பறப்பதற்கு முந்தைய வருடமே, 2005-ல், ஒரே ரகத்தில் 100 ஏர்பஸ் ஏ320-க்கு ஆர்டர். 2006 ஆகஸ்டில் சேவை. எதிர்ப்பக்கம் கிங்ஃபிஷர். சொகுசு விமானமாகத் தொடங்கி, மலிவு விலை ஏர் டெக்கானை வாங்கி, வெளிநாட்டுக்குப் பெரிய ஏ330 விட்டு, சின்ன ஊர்களுக்கு ஏடிஆர் என்ற சிறிய விமானம் ஓட்டி, எந்தப் பயணிக்கான கம்பெனி என்றே தெரியாமல் 2012 அக்டோபரில் நின்றுபோனது. ஏழு தூண் என்றதும் எனக்கு அதுதான் ஞாபகம் வந்தது, தப்பாக எடுத்துக்கொள்ளாதீர்கள்.

நூல்கண்டு:

எல்லோரும் ‘எளிமை எளிமை’ன்னு சாமி ஆடறீங்க. நான் திருப்பூர்க்காரன், கொஞ்சம் தண்ணி தெளிக்கறேனுங்க.

எங்க ஊரைவிட எளிமையான உத்தி எங்கேயும் கிடையாது. ஒருத்தர் நிட்டிங் மட்டும், ஒருத்தர் சாயம் மட்டும், ஒருத்தர் காஜா பட்டன் மட்டும். அவனவன் தன் வேலையைத் தவிர வேற எதையும் தொடமாட்டான். பிரமாதமா ஓடிச்சு. 2011 ஜனவரி 28 அன்னிக்கு நொய்யல் ஆத்து மாசு வழக்குல உயர் நீதிமன்றம் சாயப் பட்டறைகளை மூடச் சொல்லிடுச்சு. நிட்டிங் மெஷின் ஓடுது, தையல் மெஷின் தயார், நடுவுல துணிக்கு நிறம் ஏத்த ஆள் இல்லை. அதே சமயத்துல பஞ்சு, நூல் விலையும் உச்சத்துல. வெளி மாநிலத்துல சாயம் போட ஏற்கெனவே பழக்கம் வெச்சிருந்தவங்க லாரி வாடகையோட தப்பிச்சாங்க. மத்தவங்க ஆர்டரை விட்டாங்க.

போன 2025 ஆகஸ்டுல அமெரிக்கா இந்தியச் சரக்குக்கு 50 சதவீத வரி போட்டப்பவும் இதே கதைதான். ‘ஒரே நாடு, நாலு பெரிய பையர், அதை மட்டும் நல்லா செய்வோம்’னு இருந்த கம்பெனிங்க தவிச்ச தவிப்பு எனக்குத் தெரியும். அவங்க உத்தி ஒரு பக்கம்கூட இல்லை, ஒரு வரி. எளிமையோ எளிமை!

ரன்வே சார், உங்க இண்டிகோ 2025 டிசம்பர்ல என்ன ஆச்சுன்னு நீங்களே சொல்லிடுங்க.

ரன்வே27:

நியாயமான குத்து. சொல்கிறேன்.

விமானிகளின் ஓய்வு நேரத்தை அதிகமாக்கி, இரவுத் தரையிறக்கத்தைக் குறைத்து புது விதி வந்தது. திடீரென்று வந்ததல்ல, முன்கூட்டியே அறிவித்த விதி. ஆனால் இருக்கிற விமானியை வைத்தே கடைசி நிமிடம் வரை பிழிந்து போட்ட அட்டவணையில் இடைவெளியே இல்லை. டிசம்பர் முதல் வாரத்தில் ஆயிரக்கணக்கான விமானங்கள் ரத்து. டிசம்பர் 5 அன்று மட்டும் ஆயிரத்துக்கு மேல். சென்னை விமான நிலையத்தில் சாமான் வண்டிகளுக்கு நடுவே மக்கள் தரையில் உட்கார்ந்திருந்தார்கள்.

சவுத்வெஸ்ட்டுக்கும் 2022 டிசம்பரில் இதே அடி. பனிப்புயலில் எல்லாக் கம்பெனியும்தான் மாட்டியது, மற்றவை எழுந்துகொண்டன. இவர்களுடைய பணியாளர் அட்டவணை மென்பொருள் பழையது. எந்த விமானி எந்த ஊரில் இருக்கிறார் என்றே கம்பெனிக்குத் தெரியவில்லை. ஏறக்குறைய 17,000 விமானங்கள் ரத்து. மறுவருடம் அமெரிக்கப் போக்குவரத்துத் துறை போட்ட அபராதம் 140 மில்லியன் டாலர்.

ஆனால் ஒன்று. இதற்கு ஒரே ரக விமானத்தையோ மூன்று ஊர் உத்தியையோ குறை சொல்ல முடியாது. உத்தி எளிமையாக இருந்தது, ஆனால் அதை ஓட்டுகிற ஏற்பாட்டில் மூச்சுவிட இடம் வைக்கவில்லை. இரண்டும் வேறு வேறு.

நூல்கண்டு:

வேற வேறதாங்க. ஆனா எளிமையான உத்தி நல்லா ஓடும்போதுதான் அந்த இடைவெளியை வெட்டற ஆசை வருது. ‘இந்த ரெண்டாவது சாயப் பட்டறை எதுக்கு, செலவுதானே’ன்னு கணக்குப் பிள்ளை கேப்பாரு. அப்ப பதில் சொல்ல முடியாது, ஏன்னா அந்த வருஷம் அது வெட்டிச் செலவுதான்.

பழைய_சேல்ஸ்மேன்:

அதுக்காக ஏழு தூணா? ரெண்டாவது சாயப் பட்டறை வேண்டும், ரெண்டாவது தொழில் வேண்டாம்.

நூல்கண்டு:

இது சரி. ஒத்துக்கறேன்.

ஆடிட்டர்_தம்பி:

நான் பார்க்கிற சிறு தொழில்களில் திட்டம் இல்லாமல் நின்றவர் குறைவு. வசூல் இல்லாமல் நின்றவர்தான் அதிகம். அதனால் நேரே கேட்கிறேன். உங்கள் லைனில் கடன் எப்படி? பில் டு பில்லா (பழைய பில்லுக்குப் பணம் வாங்கிக்கொண்டுதான் புதுச் சரக்கு), இரண்டு பில் நிலுவையா? மூன்று மாவட்டத்தில் எந்த லைன் வண்டி டீசல், பேட்டா, ரிட்டர்ன் சரக்கு எல்லாம் போக மிச்சம் தருகிறது? இந்த எண்கள் இல்லாமல் ஒரு பக்கம் எழுதினாலும் 80 பக்கம் எழுதினாலும் ஒன்றுதான்.

மிளகாய் விலை பற்றி நீங்கள் சிரித்தது சரி. குண்டூரில் குவிண்டால் 20,000 ரூபாயைத் தாண்டி விற்ற சரக்கு, ஓரிரு வருடத்தில் எவ்வளவு இறங்கியதென்றால் 2025 பிப்ரவரியில் மத்திய அரசு 11,781 ரூபாய் என்று சந்தைத் தலையீட்டு விலை அறிவித்து விவசாயியைக் காப்பாற்ற வேண்டிவந்தது. உங்களுக்குப் பெரிய செலவே அதில்தான். விலையைக் கணிக்கப் பார்க்காதீர்கள். ‘இந்த விலைக்குக் கீழே போனால் குளிர்பதனக் கிடங்கில் இத்தனை மாதச் சரக்கு வாங்கி வைப்போம், இந்த விலைக்கு மேலே போனால் இதைச் செய்வோம்’ என்று முன்னாலேயே எழுதி வையுங்கள். விலை ஏறுகிற அன்றைக்கு உட்கார்ந்து யோசித்தால் பயத்தில்தான் முடிவு வரும்.

மஞ்சள்மாநகர்:

எல்லோருக்கும் நன்றி. ஆடிட்டர் சார், ஈரோடும் நாமக்கலும் பில் டு பில். கரூர் மூன்று பில் நிலுவை, சில கடையில் நான்கு. கரூர் விற்பனை அதிகம் என்பதால் இதுவரை யாரும் கேட்கவில்லை.

இன்னொரு விஷயம் இப்போது வந்திருக்கிறது. ஒரு சூப்பர் மார்க்கெட் சங்கிலி, அவர்கள் பெயரிலேயே பொடி போட்டுத் தரச் சொல்கிறார்கள். எங்கள் இப்போதைய அளவில் பாதியை அவர்களே எடுப்பார்கள். 60 நாள் கடன். 80 பக்கத் திட்டத்தில் இதுவும் ஒரு தூண், அதனால் தங்கை வேண்டும் என்கிறாள். மாமா வேண்டாம் என்கிறார். எனக்கு ஆசையாகவும் இருக்கிறது, பயமாகவும் இருக்கிறது.

ஆடிட்டர்_தம்பி:

உத்யம் பதிவு (சிறு தொழில்களுக்கான மத்திய அரசுப் பதிவு) இருக்கிறதா? குறு, சிறு உற்பத்தியாளர் என்றால் ஒப்பந்தம் போட்டாலும் 45 நாளுக்கு மேல் கடன் கூடாது, ஒப்பந்தமே இல்லையென்றால் 15 நாள். 2023-24 நிதியாண்டிலிருந்து அந்தக் கெடுவுக்குள் பணம் தராத வாங்குபவர் அந்தச் செலவைப் பணம் கொடுத்த வருடத்தில்தான் வருமானத்தில் கழிக்க முடியும். இதைக் கண்டு உத்யம் இல்லாதவரிடமே வாங்குகிறோம் என்று ஒதுங்குகிற பெரிய கடைகளும் உண்டு, அதையும் தெரிந்துகொண்டே பேசுங்கள். 60-க்குக் கையெழுத்துப் போடாதீர்கள்.

பழைய_சேல்ஸ்மேன்:

போடவே போடாதே என்பேன். அவன் பெயர் போட்ட பாக்கெட் உன் பாக்கெட்டுக்குப் பக்கத்திலேயே பத்து ரூபாய் குறைவாக உட்காரும். இரண்டும் ஒரே அரவை. உனக்கு நீயே போட்டி.

நூல்கண்டு:

நான் கொஞ்சம் மாத்திச் சொல்றேனுங்க அண்ணா. மெஷின் சும்மா நிக்கற நேரத்துக்கு ஜாப் ஆர்டர், அதாவது அடுத்தவங்களுக்காகச் செஞ்சு குடுக்கற வேலை, எடுக்கறதுல தப்பில்லை, திருப்பூரே அப்படித்தான் வளர்ந்துச்சு. பாதிதான் பிரச்சினை. பாதி விற்பனை ஒருத்தர்கிட்ட இருந்தா, உங்க விலையை நிர்ணயிக்கறது நீங்க இல்லை, அவரோட கொள்முதல் மேனேஜர். அஞ்சுல ஒரு பங்குக்கு மேல எந்த ஒருத்தருக்கும் தரமாட்டோம்னு வெச்சுக்குங்க. ஃபார்முலாவையும் வேற குடுங்க, உங்க சாம்பார் பொடியைக் குடுக்காதீங்க.

ரன்வே27:

ஐந்தில் ஒரு பங்கு என்பது எங்கிருந்து வந்தது? ஏன் நான்கில் ஒன்று இல்லை?

நூல்கண்டு:

அவரு நாளைக்கே ‘வேண்டாம்’னாலும் அடுத்த மாசச் சம்பளம் போட முடியற அளவு. எங்க கம்பெனிக்கு அது அஞ்சுல ஒண்ணு. அவங்கவங்க கணக்கைப் போட்டுப் பாத்துக்கணும்.

மஞ்சள்மாநகர்:

இரண்டு நாளாக நானும் தங்கையும் உட்கார்ந்து எழுதியதைப் போடுகிறேன். கிழித்துத் தொங்கவிடலாம்.

மூன்று மாவட்டத்து மளிகைக் கடைதான் எங்கள் வாடிக்கையாளர். வாரம் ஒருமுறை வண்டி வரும், மழையானாலும் வரும். 10 ரூபாய்ச் சரத்தின் விலையை மாற்ற மாட்டோம். மிளகாய் விலை நாங்கள் குறித்து வைத்திருக்கிற எல்லையைத் தாண்டினால் எடையைக் குறைப்போம், இறங்கினால் எடையைக் கூட்டுவோம். காம்பு மிளகாய் வாங்கி அரைக்க மாட்டோம். பில் டு பில்லுக்கு மேல் கடன் இல்லை. எந்த ஒரு வாடிக்கையாளரும் ஐந்தில் ஒரு பங்கைத் தாண்டக் கூடாது. மிளகாய்க்கு குண்டூர் தவிர ராமநாதபுரம் முண்டு மிளகாய்க்கும் ஒரு கமிஷன் மண்டியோடு தொடர்பு வைத்திருப்போம், இந்த வருடம் தேவையில்லாவிட்டாலும் கொஞ்சமாவது வாங்குவோம். ஏற்றுமதி, டிப்போ, ரெடிமிக்ஸ் இப்போதைக்கு இல்லை. மூன்று மாதத்துக்கு ஒருமுறை இந்தப் பக்கத்தை எடுத்து வைத்துத் திருத்துவோம்.

இதை லைன் வண்டி டிரைவரிடம் படித்துக் காட்டினேன். எல்லாம் கேட்டுவிட்டு, “அப்போ கரூர்ல நாலு பில் நிக்கற கடைக்கு நாளைக்குச் சரக்கு இறக்கணுமா, வேண்டாமா?” என்றார். தங்கை என்னைப் பார்க்கிறாள், நான் தங்கையைப் பார்க்கிறேன்.

ஆடிட்டர்_தம்பி:

டிரைவர்தான் சரியான ஆலோசகர். 80 பக்கத் திட்டத்தைப் பார்த்து இந்தக் கேள்வியை யாரும் கேட்டிருக்க முடியாது. பதில்: கடனுக்கு இறக்கக் கூடாது, ஆனால் கடையையே நாளைக்கு வெட்டிவிடவும் கூடாது. பழைய பாக்கியைத் தனியாக ஒதுக்கி, வாரம் இவ்வளவு என்று தவணை பேசுங்கள். புதுச் சரக்கு ரொக்கத்துக்கு மட்டும். இரண்டு கடை போகும். போகட்டும்.

பழைய_சேல்ஸ்மேன்:

எடையைக் குறைக்கும்போது பாக்கெட் அளவைக் குறைக்காதே தம்பி, கடைக்காரருக்கு முன்கூட்டியே சொல்லிவிடு. பாக்கெட்டின் மேல் எடை தெளிவாக இருக்கட்டும். அண்ணாச்சிக்குத் தெரியாமல் குறைத்தால் அவரே வருகிறவரிடமெல்லாம் சொல்லி விற்பனையைக் கெடுத்துவிடுவார்.

ரன்வே27:

ஒரு சந்தேகம். மூன்று மாதத்துக்கு ஒருமுறை திருத்தினால் அது உத்தியா, மாதாந்திரக் கூட்டமா? சவுத்வெஸ்ட் சீட்டு நம்பர் இல்லாத முறையை அரை நூற்றாண்டு வைத்திருந்து 2026 ஜனவரியில்தான் விட்டது. பயணியின் பெட்டிகளைக் கட்டணமில்லாமல் ஏற்றுவதை 2025 மே மாதத்தில் நிறுத்தினார்கள். அவ்வளவு காலம் மாறாமல் இருந்ததுதான் அவர்கள் பலம். சீக்கிரமே மாற்றியிருக்க வேண்டும் என்கிறவர்களும் உண்டு, மாற்றியதே தப்பு என்கிறவர்களும் உண்டு. நான் இரண்டாவது கட்சி.

மஞ்சள்மாநகர்:

நல்ல கேள்வி. அப்படியானால் கடை, விலை, கடன் இந்த மூன்றையும் வருடத்துக்கு ஒருமுறை மட்டும் தொடுவோம். எடை, மிளகாய் கொள்முதல், லைன் வழி இவற்றை மட்டும் மூன்று மாதத்துக்கு ஒருமுறை. இப்படிப் பிரித்து எழுதிவிடுகிறேன்.

சூப்பர் மார்க்கெட்காரரிடம் பேசினேன். ஐந்தில் ஒரு பங்கு அளவுக்கு, 45 நாளுக்கு ஒத்துக்கொள்கிறார். பதிலுக்கு விலையில் 5 சதவீதம் குறைக்கச் சொல்கிறார். வெள்ளிக்கிழமை பதில் சொல்ல வேண்டும்.

நூல்கண்டு:

5 குடுத்தா அடுத்த வருஷம் 8 கேப்பாரு.

பழைய_சேல்ஸ்மேன்:

விலையைக் குறைக்காதே. 2 சதவீதம் வரை இறங்கி, மீதிக்கு உன் சொந்தப் பாக்கெட்டுக்கு அவர்கள் கடைகளில் இடம் கேள். கீழ்த்தட்டில் தருவேன் என்பார். கண் மட்டத்தில் கேள். அதை எழுத்தில் வாங்கிக்கொள்.